நிக்கொதேமுவின் கை

மெனிகா கதவைத் தட்டவில்லை, காலால் உதைத்தாள். கை இரண்டிலும் மூட்டை இருந்ததுதான் காரணம் என்று பிறகு சொன்னாள். கை காலியாக இருந்திருந்தாலும் அவள் உதைத்துத்தான் இருப்பாள் என்பது பத்திர எழுத்தர் கல்கானோவின் எண்ணம்.

அந்த நேரத்தில் பேராலயக் குரு லத்தான்சியோ சாமி காலைப் பூசை முடித்து வந்து, மொச்சையும் கோதுமையும் போட்ட சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் கல்கானோ. ஆயரின் விசாரணை மன்றத்துக்குத் தலைவலி பிடித்த வழக்கு ஏதாவது வந்தால் அதை லத்தான்சியோ சாமியின் தலையில் கட்டுவது லூக்கா நகரத்து வழக்கம். சாமி விசாரிப்பதை எழுதி வைப்பது கல்கானோவின் வேலை. ஒன்பது வருடமாக எழுதுகிறார். சாமியின் மூளையில் பாதி தன்னுடையது என்று மனைவியிடம் சொல்லிக்கொள்வார். அவள் மறுத்துப் பேச மாட்டாள், சிரிப்பாள்.

"பூசை முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு சாமி," என்று கல்கானோ அப்போதுதான் கிண்டலை ஆரம்பித்திருந்தார். "கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் இன்னும் ஒட்டியே வச்சிருக்கீங்க. மிச்ச மூணு விரல்ல கரண்டியைப் பிடிச்சா சூப்பு தாடிக்குத்தான் போகும்."

"நாப்பது வருஷப் பழக்கம்ப்பா," என்று சாமி தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டார். கட்டை விரலின் அடியில் பிறை போல ஒரு வெள்ளைத் தழும்பு. அப்பாவின் கொல்லுப்பட்டறையில் சிறு வயதில் பட்டது.

அப்போதுதான் கதவு உதைபட்டது.

மெனிகா அடைத்த மடத்தின் வெளி வேலைக்காரி. உள்ளே இருக்கும் கன்னியர் வாசலைத் தாண்டக் கூடாது. ஆகவே கடைக்குப் போவது, மடத்துக் கோழி முட்டையை விற்பது, கடிதம் கொண்டுபோவது எல்லாம் அவள்தான். ஐம்பது வயது. யாருக்கும் பயப்பட்டவள் இல்லை. இன்று அவள் முகம் வெளுத்திருந்தது.

"சாமி, எங்க யூப்ராசியாம்மாவோட பேனாவைப் பிடுங்கப் போறாங்க. வெள்ளிக்கிழமை தீர்ப்பாம். மூணு வருஷம் கீழ் அறையில போட்டுப் பூட்டிட்டு, சாகற வரைக்கும் மையையும் தாளையும் தொடக் கூடாதுன்னு எழுதப் போறாங்களாம். பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்து எங்க மடத்துக்கு நற்கருணை அப்பம் குடுக்கறீங்க. நீங்களே பார்த்துட்டு சும்மா இருந்தீங்கன்னா நான் எங்க போய்ச் சொல்ல?"

"உக்காரு மெனிகா. தண்ணி குடி. பிறகு முதல்ல இருந்து சொல்லு."

முதலில் இருந்து சொன்னாள். யூப்ராசியா ஒரு படம் வரைந்தாள். மடத்துத் தாய் செரபீனாவுக்கு அது பிடித்துப்போய், பீடத்துக்கு மேலே பெரிதாகத் தீட்டி வைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டு வர, மெனிகாவிடம் கொடுத்து ஓவியர் வென்தூராவிடம் அனுப்பினாள். வென்தூரா மேஸ்திரி ஒன்பது நாள் வைத்திருந்தார். பத்தாம் நாள், "இது என் படம். போன தவக்காலத்தில் என் பட்டறையிலிருந்து காணாமல் போனது" என்று விசாரணை மன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். வாரா வாரம் பட்டறைக்கு முட்டை கொண்டுபோனவள் மெனிகா. ஆகவே திருடியவள் மெனிகா, திருட்டுப் பொருளைத் தன் கைவேலை என்று சொன்ன பொய்க்காரி யூப்ராசியா.

"என்னை விடுங்க. எனக்கு அடி ஒண்ணும் புதுசு இல்ல," என்றாள் மெனிகா. "அந்தப் பொண்ணுக்கு அந்தப் பேனாவை விட்டா வேற என்ன இருக்கு?"

மூட்டையைப் பிரித்தாள். தீர்ப்பு வரை மடத்தின் பொறுப்பில் இருக்கட்டும் என்று மன்றம் திருப்பி அனுப்பிய படம். இரண்டு பலகைக்கு நடுவே ஒரு முழ அகலத் தாள். மாசிக்காய் மையில், இறகுப் பேனாவால் வரைந்தது. இயேசுவைக் கல்லறையில் இறக்குகிறார்கள். முன்னால் மாதாவும் மதலேன் மரியாளும் இன்னொரு பெண்ணும், உடுப்பு மடிப்பு முதல் கால் விரல் நகம் வரை தெளிவாக. கல் பெட்டிக்குப் பின்னால் ஆண்கள் மூவர், இடுப்புக்கு மேலே மட்டும்: கல்லறையைக் கொடுத்த சூசை, கிழவர் நிக்கொதேமு, இளைஞர் அருளப்பர். மூவரும் சவத்துணியின் விளிம்பைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பற்றியிருந்தார்கள். மற்ற விரல்கள் லேசாக விரிந்திருந்தன. அந்த ஆறு கைகளிலும் இருந்த மரியாதையைக் கல்கானோ குனிந்து பார்த்தார். இரண்டு வருடம் முன்பு தன் மகனை இப்படித்தான் துணியில் வைத்து இறக்கினார். அதன் பிறகு அவர் எந்தப் படத்தின் முன்னாலும் அழுததில்லை. இன்று கண் கலங்கியது.

கலங்கலை மறைக்கக் குறை தேடினார். நிக்கொதேமுவின் கட்டை விரலடியில் ஒரு சின்னக் கோடு வளைந்து கிடந்தது. பேனா வழுக்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"இந்தக் கிழவரைப் பாருங்க," என்று மெனிகா அழுகைக்கு நடுவே சிரித்தாள். "தாடியை எடுத்துட்டா எங்க சமையக்கட்டு பிரிஜித்தாம்மாதான்."

"கேலி பேசற நேரமா இது?" என்றார் கல்கானோ. படத்தை வெகுநேரம் பார்த்த சாமி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சூப்பு பாதி மிச்சம் இருந்தது.

கல்கானோ அன்றைக்கே துப்புத் துலக்க ஓடினார். மையை மருந்துக் கடைக்காரனிடம் காட்டினார். ஊரில் எல்லாரும் தன்னிடம்தான் மை வாங்குகிறார்கள், மடமும் மேஸ்திரியும் உட்பட, என்றான் அவன். தாளை வெளிச்சத்தில் பிடித்து ஆலையின் முத்திரையைப் பார்த்தார். அதுவும் ஊரெல்லாம் புழங்கும் தாள். வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து, "மை பொதுவாப் போச்சு, தாளும் பொதுவாப் போச்சு. கிணறு வெட்ட பூதம்கூடக் கிளம்பல சாமி," என்றார்.

"சரி, வா. மேஸ்திரியைப் பார்ப்போம்."

வென்தூரா மேஸ்திரி நல்ல உபசாரி. நாற்பத்தைந்து வயது, பட்டறை நிறைய பாதியில் நின்ற பலகைகள். நகரச் சுவர் கட்டும் கொத்தர்களின் உளிச்சத்தம் சன்னல் வழியே வந்துகொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல சாமி," என்றார். "என் பிள்ளையை இன்னொருத்தி இடுப்புல பார்த்தா சும்மா இருக்க முடியுமா? அதான் கேட்டேன்."

"நியாயம்தான். படத்துல ஆம்பளைங்களுக்கு யாரைப் பார்த்து வரைஞ்சீங்க?"

"தானியச் சந்தைக் கூலிகள் மூணு பேர். போர்வையில கோதுமை மூட்டையை வச்சுத் தூக்கச் சொன்னேன். அரை நாள் நின்னானுங்க, திட்டிக்கிட்டே. இதோ, முதல்ல போட்ட வரைவுகூட இருக்கு."

ஒரு தாளை எடுத்து நீட்டினார். சிவப்புக் காவிக்கட்டியில் வேகமாகப் போட்ட கோடுகள். அதே கல்லறை, அதே மூன்று ஆண்கள். கைகள் துணியை முறுக்கிப் பிடித்திருந்தன. முட்டிகள் புடைத்து நின்றன. தேர்ந்த கை. வரைவு வைத்திருப்பவன்தானே படத்துக்குச் சொந்தக்காரன்?

தெருவில் இறங்கியதும், "முடிஞ்சது சாமி. கைவசம் ஆதாரம் வச்சிருக்கான்," என்றார்.

"ஆமா, நல்ல ஆதாரம்," என்றார் சாமி. "வெள்ளிக்கிழமை அதை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லு."

மறுநாள் மடத்துக்குப் போனார்கள். பேசும் அறையின் இரும்புக் கிராதிக்குப் பின்னால் கறுப்புத் திரை. திரைக்குப் பின்னாலிருந்து யூப்ராசியாவின் குரல் மட்டும் வந்தது, முப்பது வயதுக்குச் சின்னக் குரல்.

"எத்தனை வயசுல உள்ள வந்தே அம்மா?"

"மூணு வயசாம் சாமி. சுழல்பெட்டியில வச்சுட்டுப் போனாங்களாம்."

வெளியிலிருந்து மாவோ எண்ணெயோ வைத்தால் உள்ளே திரும்பிப் போகும் அந்த மரப்பெட்டி அறையின் மூலையில் இருந்தது. கல்கானோ அதைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பிள்ளை உட்காரும் அளவுதான்.

"அப்புறம் வெளியே?"

"போனதில்ல. இது நூறு வருஷமா அடைச்ச மடம். வைத்தியர் வந்தாக்கூட மணி அடிப்பாங்க, முகத்துல திரையை இழுத்துக்குவோம்."

"உள்ள என்ன படங்கள் இருக்கு?"

"பாட்டு மாடத்துல ஒரு சிலுவை. அவ்வளவுதான்."

"அப்போ ஆம்பளைங்களை எதைப் பார்த்து வரைஞ்சே?"

"முகத்துக்கு… எங்க பெரிய அம்மாக்களைப் பார்த்து. அவங்களுக்குச் சொல்லிடாதீங்க."

"கைக்கு?"

"சொல்லணுமா சாமி?"

"வேண்டாம்," என்று சாமி சட்டென்று சொன்னார். "சொல்ல வேண்டாம்."

கல்கானோவின் பேனா அந்தரத்தில் நின்றது. ஒன்பது வருடத்தில், பேச வந்த சாட்சியைச் சாமி தடுத்து அவர் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அதே அறையில் எல்லாரும் கூடினார்கள். கிராதிக்குப் பின்னால் மடத்துத் தாயும் யூப்ராசியாவும். முன்னால் ஆயரின் விசாரணைக் குரு அமாதெயோ. ரோமிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒல்லியான, சிரிப்பறியாத மனிதர். கெட்டவர் இல்லை, ஆனால் கன்னியர் என்றாலே சந்தேகம். ஒரு பக்கம் வென்தூரா மேஸ்திரி, மறுபக்கம் மெனிகா. மேசை மேல் படமும் வரைவும். லத்தான்சியோ சாமி இரண்டு கைகளையும் அங்கியின் அகலக் கைக்குள் நுழைத்துக்கொண்டு நின்றார். அறை குளிராகத்தான் இருந்தது.

"ஆரம்பிங்க," என்றார் அமாதெயோ.

"மெனிகா, நான் கேட்டதைக் கொண்டா."

அவள் ஒரு படுக்கைத் துணியை விரித்து, நடுவில் மாவு மூட்டையைத் தொம்மென்று போட்டாள்.

"மேஸ்திரி, அந்த முனையைப் பிடிங்க. கல்கானோ, நீ இந்த முனையை. மெதுவாத் தூக்கி, அந்தப் பெஞ்சு மேல இறக்குங்க. உள்ள இருக்கறது பிரேதம்னு நினைச்சுக்குங்க."

மேஸ்திரி தோளைக் குலுக்கிக்கொண்டு குனிந்தார். கல்கானோவும் குனிந்தார். பாரம் துணியை இழுத்தது. கல்கானோவின் கை அவரைக் கேட்காமலே துணியை ஒரு சுற்றுச் சுற்றி முஷ்டியில் இறுக்கிக்கொண்டது. மகனை இறக்கிய அன்றும் கை இதையேதான் செய்தது. நழுவவிட்டால் பிள்ளைக்கு வலிக்கும் என்று அன்று பயந்தது ஞாபகம் வந்தது. மூட்டை பெஞ்சில் அமர்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"கையை எடுக்காதீங்க, அப்படியே இருங்க," என்றார் சாமி. "ஐயா, இவங்க ரெண்டு பேர் கையையும் பாருங்க. முஷ்டி. இப்போ மேஸ்திரியோட வரைவைப் பாருங்க. அதுலயும் முஷ்டி. கூலிக்காரங்க மூட்டை தூக்கினா அப்படித்தான் இருக்கும். சரியான வரைவு. இப்போ மையில வரைஞ்ச படத்தைப் பாருங்க."

அமாதெயோ குனிந்து பார்த்தார். புருவம் சுருங்கியது. "ரெண்டு விரலால பிடிச்சிருக்காங்க."

"ஆறு கையும். அப்படிப் பிடிச்சா ஒரு பூனைக்குட்டியைக்கூடத் தூக்க முடியாது. அரை நாள் கூலிகளை நிக்க வச்சு வரைஞ்சவர், வரைவுல சரியாப் போட்டவர், நல்ல தாள்ல வரையும்போது மட்டும் தப்பாப் போடுவாரா? சரியாத் தெரிஞ்சதை யாராவது அடுத்த தாள்லயே மறப்பாங்களா?"

"அழகுக்காக மாத்தினேன்," என்றார் மேஸ்திரி வேகமாக.

"இருக்கலாம். ஆனா நான் நினைக்கிறது வேற. படம் உங்ககிட்ட ஒன்பது நாள் இருந்தது. அதைப் பார்த்து ஒரு வரைவு போட்டீங்க, ஆதாரத்துக்காக. உங்க கண்ணு படத்தைப் பார்த்தது. உங்க கை, முப்பது வருஷமாப் பழகின கை, தப்பைத் தானாத் திருத்திடுச்சு. திருத்தினது உங்களுக்கே தெரியாது."

மேஸ்திரியின் கை அப்போதுதான் துணியை விட்டது.

"அப்படின்னா இந்த மாதிரிக் கையை எங்க பார்க்க முடியும்?" என்றார் அமாதெயோ. "எந்த ஆம்பளை இப்படிக் கையை வச்சிருப்பான்?"

"ஐயா இன்னைக்குக் காலைல பூசை வச்சீங்களா?"

"வச்சேன். அதுக்கென்ன?"

"உங்க கையைப் பாருங்க."

அமாதெயோ தன் வலக்கையைப் பார்த்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டியிருந்தன. மற்ற மூன்றும் லேசாக விரிந்திருந்தன.

"அப்பத்தைத் தொட்ட விரலைக் கழுவற வரைக்கும் பிரிக்கக் கூடாது, ஒரு துகள்கூட விழக் கூடாதுன்னு நமக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க," என்றார் சாமி மெதுவாக. "பழகிப் பழகி, கழுவின பிறகும் அது போறதில்ல. இந்த மடத்துல அப்பம் குடுக்கற சன்னல் ரெண்டு சாண் அகலம். அது வழியா உள்ள போறது குருவோட கை மட்டும்தான், மணிக்கட்டு வரைக்கும். மூணு வயசுலேருந்து இங்கேயே இருக்கற ஒருத்தி பார்த்த ஆம்பளைன்னா அவ்வளவுதான். அதனாலதான் கல் பெட்டிக்குப் பின்னால மூணு பேரையும் இடுப்போட மறைச்சிருக்கா. கால் எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியாது. முகத்துக்கும் வழி இல்ல, பக்கத்துல இருந்த கிழவிங்களுக்குத் தாடி வச்சுட்டா."

திரைக்குப் பின்னால் மடத்துத் தாயின் சிரிப்பு அடக்க முடியாமல் வெளியே வந்தது. "நிக்கொதேமு எங்க பிரிஜித்தாதான் சாமி. நானே அன்னைக்கே நினைச்சேன்."

"நான் சொல்லல?" என்றாள் மெனிகா கல்கானோவைப் பார்த்து.

அமாதெயோ சிரிக்கவில்லை. "அப்பம் வாங்கும்போது கன்னியர் கண்ணைத் தாழ்த்தியிருக்கணும்."

"கண்ணைத் தாழ்த்தினா வேற என்ன தெரியும் ஐயா? கைதான் தெரியும்."

"யாரோட கை?"

"குருவோட கை," என்றார் சாமி. "உங்க கையும் அதேதானே."

அமாதெயோ தன் விரல்களை மறுபடி பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். வென்தூரா பெஞ்சில், மாவு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"வணிகர் சங்கத்துக் கோயிலுக்கு ஒரு கல்லறைப் படம் ஒத்துக்கிட்டேன்," என்றார் தரையைப் பார்த்து. "நாலு மாசமா ஒரு கோடு வரல. கிறுக்குப் பிடிச்ச மாதிரி இருந்தது. அப்பத்தான் இந்த அம்மா முட்டைக்கூடையில வச்சு இதைக் கொண்டுவந்தா. முட்டையோட! முப்பது வருஷம் நான் தேடினது ஒரு முட்டைக்கூடையில வருது." முகத்தை மூடிக்கொண்டார். மெனிகாகூட அவரைத் திட்டவில்லை.

தீர்ப்பைக் கல்கானோ எழுதினார். மேஸ்திரி தன் புகாரைப் பேராலய வாசலில் எல்லார் முன்னிலும் திரும்பப் பெற வேண்டும். மெனிகா மேல் குற்றமில்லை. கன்னி யூப்ராசியாவின் பேனாவும் மையும் அவளிடமே இருக்கும். இதோடு நின்றிருக்கலாம். அமாதெயோ இன்னொரு வரி சொன்னார்: "படம் இனி இந்த மடத்தை விட்டு வெளியே போகக் கூடாது." கல்கானோ தலை நிமிர்ந்தார். ஊரே மண்டியிட்டுப் பார்க்க வேண்டிய படம். வயிற்றெரிச்சலோடு அந்த வரியையும் எழுதினார்.

விசாரணைக் குருவும் மேஸ்திரியும் போனபின் திரைக்குப் பின்னால் யூப்ராசியா பேசினாள்.

"சாமி, அப்போ கை தப்பா?"

"தூக்கற கை அப்படி இருக்காது அம்மா."

"எப்படி இருக்கும்?"

சாமி கல்கானோவுக்குச் சைகை காட்டினார். கல்கானோ கிராதியின் கம்பி ஒன்றை முஷ்டியால் இறுகப் பிடித்துக் காட்டினார். திரை ஒரு விரல் அகலம் விலகியது. மறுபக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. தன் பருத்த, மை படிந்த கையை ஒருவர் அவ்வளவு நேரம் பார்த்தது அவர் வாழ்க்கையில் முதல் தடவை.

"ரொம்பப் பலமா இருக்கு," என்றாள். பிறகு, "நான் மாத்தணுமா?"

"உன் படம். நீதான் சொல்லணும்."

"மாத்த மாட்டேன் சாமி. அவங்க மூட்டையா தூக்கறாங்க? ஆண்டவர் உடம்பைத்தானே தொடறாங்க."

கல்கானோ கம்பியிலிருந்து கையை மெல்ல எடுத்தார்.

படத்தைப் பலகைக்கு நடுவே வைத்துக் கட்டக் குனிந்தவர் கடைசியாக ஒருமுறை பார்த்தார். நிக்கொதேமுவின் வலக்கை. கட்டை விரலின் அடியில், பேனா வழுக்கியதாகத் தான் நினைத்த அந்தச் சின்னக் கோடு. பிறை போல வளைந்திருந்தது.

அவர் நிமிர்ந்து சாமியைப் பார்த்தார். சாமியின் கைகள் காலையிலிருந்து அங்கிக்குள்ளேயே இருந்தன. அந்தத் தழும்பை ஒருமுறை காட்டியிருந்தால் வழக்கு ஒரே நொடியில் முடிந்திருக்கும். அந்தப் பெண்ணும் முடிந்திருப்பாள். பதினோரு வருடமாக ஒரே ஓர் ஆணின் கையைத் தழும்போடு மனதில் வைத்திருந்த கன்னியை அமாதெயோ என்ன செய்திருப்பார் என்று கல்கானோவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"என்ன கல்கானோ," என்றார் சாமி. "பத்திரத்துல ஏதாவது விட்டுப்போச்சா?"

"ஒண்ணுமில்ல சாமி. ஒரு இடத்துல பேனா வழுக்கியிருக்கு, அவ்வளவுதான்."

பலகையை இறுகக் கட்டிச் சுழல்பெட்டியில் வைத்தார். மெனிகா தள்ளினாள். பெட்டி முனகிக்கொண்டு உள்பக்கம் திரும்பியது. அது நின்ற பிறகுதான் சாமி கைகளை அங்கியிலிருந்து வெளியே எடுத்தார்.